கண்டியின் காட்டரண்

கண்டி மாநகருக்கு வருவோர் தலதா மாளிகையைத் தரிசித்து, ஏரிக்கரையை ஒருமுறை சுற்றி, பேராதனைப் பூந்தோட்டத்தில் ஒரு மாலைப்பொழுதைக் கழித்துத் திரும்புவது வழக்கம். காட்டு யானைகளைக் காண விழைவோர் யால, வில்பத்து என்னும் பெயர்களையே நாடுவர். அண்மைக் காலத்தில் மின்னேரியாவும் அப்பட்டியலிற் சேர்ந்துள்ளது. ஆனால், கண்டியிலிருந்து கிழக்கு நோக்கிப் புறப்பட்டு, தெல்தெனியவையும் ஹுன்னஸ்கிரியவையும் கடந்து, ஒரே பகலில் சென்றடையத்தக்க வஸ்கமுவ வனத்தைப் பற்றி வினவினால், நகரத்தவரிற் பலரும் சற்றே தயங்குவர். மகாவலி கங்கைக்கும் அம்பன் கங்கைக்கும் இடையில் ஏறத்தாழ 390 சதுர கிலோமீற்றர் பரப்பில் விரிந்து கிடக்கும் இத்தேசியப் பூங்கா, தன் அயலிலுள்ள மாநகருக்கே அந்நியமாய்ப் போனமை விந்தையே. கண்டி இராச்சியத்தின் வரலாற்றை இக்காட்டை விலக்கி எழுத இயலாது என்பதை எண்ணும்போது அவ்விந்தை மேலும் பெருகுகின்றது.

விலங்குகளைக் காணச் செல்லும் பயணத்தை இக்காலத்தார் 'சபாரி' என்கின்றனர். அச்சொல்லைக் கேட்டவுடன் ஆபிரிக்கப் புல்வெளிகளும் அங்குத் திரியும் சிங்கங்களும் மனக்கண்முன் வருகின்றன. கிழக்காபிரிக்காவின் சுவாகிலி மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்ற சொல் அது. சுவாகிலிக்கோ அரபு மொழியிலிருந்து வந்தது. பயணம் என்னும் பொருளில் 'சபர்' என்ற அந்த அரபுச் சொல்லை இலங்கை முஸ்லிம் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தம் தமிழிலே வழங்கி வருகின்றனர். அவர்தம் முன்னோருட் பலர், கரையோரத்து உப்பையும் கருவாட்டையும் துணியையும் பொதிமாடுகளில் ஏற்றி, பாக்கையும் மலைநாட்டு விளைபொருள்களையும் பண்டமாற்றாகப் பெற்று, தவளம் தவளமாகக் கண்டி நாட்டின் காட்டுவழிகளில் நடந்தவர்கள். வாகனத்தில் ஏறி நின்று கரடியையும் யானையையும் படம்பிடிக்கும் இன்றைய சபாரிக்காரர், அந்தப் பழைய சபரின் சுவட்டிலேயே செல்கின்றனர்.

வஸ்கமுவ என்னும் பெயர், கரடியைக் குறிக்கும் 'வலஸ்' என்ற சிங்களச் சொல்லிலிருந்து பிறந்ததென்பர். பாலைப்பழம் கனியும் காலத்தில் கரடிகள் மரங்களை நாடி வருவது அங்கு இன்றும் காணத்தக்க காட்சி. பாலை, வீரை, முதிரை, கருங்காலி என உலர்வலயத்துக்குரிய மரங்கள் நிறைந்த காடு அது. ஆற்றோரங்களில் மருதமரங்கள் வேர்பரப்பி நிற்கின்றன. கண்டியின் குளிரிலிருந்து புறப்பட்டவன், ஹுன்னஸ்கிரியவைத் தாண்டிப் பதினெட்டு வளைவுகள் கொண்ட மலைப்பாதையிலே இறங்கும்போது, ஒவ்வொரு வளைவிலும் காற்று வெம்மை கொள்வதை உணர்வான். தும்பறை மலைத்தொடர், அதாவது ஆங்கிலேயர் நக்கிள்ஸ் என்று பெயரிட்ட மலைகள், ஈரக்காற்றைத் தடுத்து நிறுத்துகின்றன. மலையின் ஒருபுறம் தேயிலையும் மூடுபனியும். மறுபுறம் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்த சமவெளிக் காடும் நீரோடை போல் மின்னும் மகாவலியும்.

இதனைக் கன்னிக்காடு என்று வருணிப்போர் உளர். அவ்வருணனை பொருந்தாது. இன்று யானை மேயும் இந்நிலத்தின் சுற்றுப்புறங்களில் ஒரு காலத்தில் ஏர் உழுதது. வாய்க்காலில் நீர் ஓடிற்று. அம்பன் கங்கையை மறித்து எலஹெரக் கால்வாயை வசப மன்னன் (67–111) வெட்டுவித்தான். மகாசேனன் (274–301) அதனை நீட்டி மின்னேரியாக் குளத்துக்கு நீர் கொணர்ந்தான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு, பொலன்னறுவையிலே கடல் என்று பெயர் சூட்டத்தக்க பெருங்குளத்தை நிறைத்ததும் இதே அம்பன் கங்கையின் நீரைக்கொண்டுதான். வஸ்கமுவ வனத்தின் உட்பகுதியிலேயே பழைய குளங்களும் விகாரைகளின் சிதைவுகளும் காணப்படுகின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பொலன்னறுவை இராச்சியம் நிலைகுலைந்து, மக்கள் தென்மேற்கு நோக்கி நகர்ந்தபின், உடைந்த குளங்களைக் காடு மெல்ல மெல்ல விழுங்கிற்று. ஆதலின், இங்கு நிற்பது மனிதன் கால்படாத காடன்று. மனிதன் கைவிட்ட நாடு.

அதற்கும் மிக முற்பட்ட நினைவொன்று தமிழர் நெஞ்சைத் தொடுவது. துட்டகைமுனு மன்னன் எல்லாள மன்னன்மீது படையெடுத்தபோது, மகாவலிக் கரை வழியே வடக்கு நோக்கி முன்னேறி, ஆங்காங்கே இருந்த காவலரண்களைக் கைப்பற்றிச் சென்றான் என மகாவம்சம் கூறும். வஸ்கமுவ வனத்தினுள்ளே யுதகனாபிட்டிய என்னும் இடத்தை அப்போர்க்களங்களுள் ஒன்றாக அப்பகுதி மக்கள் காட்டுவர். அவ்விடத்திலேயே போர் நிகழ்ந்ததா என்பது ஒருபுறமிருக்க, ஆற்றங்கரை வழியே படை நடத்தும் எவனும் அந்த வெளியைக் கடந்தே செல்லவேண்டும் என்பதை நிலத்தின் அமைப்பே காட்டுகின்றது. நாற்பத்துநான்கு ஆண்டு அரசாண்ட எல்லாளனின் நீதியைப் புகழ்ந்து எழுதியதும், அவன் சமாதியைக் கடப்போர் வாத்தியம் முழக்காது செல்லவேண்டும் என வென்றவனே கட்டளையிட்டதைப் பதிந்துவைத்ததும் அதே மகாவம்சமே.

பழந்தமிழ் நூலோர் ஒரு நாட்டுக்கு நீர், நிலம், மலை, காடு என நால்வகை அரணை வகுத்தனர். கண்டி இராச்சியத்துக்கு இவற்றுள் மூன்று இயற்கையாகவே வாய்த்திருந்தன. மகாவலி கங்கை நகரை மூன்று புறமும் வளைத்தோடியது. மலைகள் சூழ்ந்து நின்றன. மலைகளின் அடிவாரத்திற் காடு. இக்காடு தானாக வளர்ந்ததென்று மட்டும் கருதுதல் தவறு. அதனை வெட்டக்கூடாது, அதனூடே அகன்ற பாதை அமைக்கக்கூடாது என அரசர்கள் தடுத்து வைத்தனர். ஒருவர் பின் ஒருவராக நடக்கத்தக்க ஒற்றையடிப் பாதைகளே நாட்டினுள் நுழைவதற்கு இருந்தன. அவற்றிலும் முள்மரக் கிளைகளால் அமைந்த கதவுகளும் காவலும் உண்டு. கடவத்தை என முடியும் ஊர்ப்பெயர்கள் அந்த வாயில்களின் நினைவைத் தாங்குவன.

அவ்வாயில்களை நன்கறிந்த அந்நியன் ஒருவன் இருந்தான். றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கில இளைஞன், 1660-ஆம் ஆண்டில் திருக்கோணமலையை அடுத்த கொட்டியாரத்தில் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களால் பிடிக்கப்பட்டு, பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கண்டி நாட்டில் வாழ்ந்தான். அவனைச் சிறையில் எவரும் பூட்டவில்லை. காடே சிறையாயிற்று. அவன் தொப்பி பின்னி விற்றான். நெல்லை வட்டிக்குக் கொடுத்தான். உடுநுவரையில் எலதெத்த என்னுமிடத்தில் காணியும் வாங்கினான். பின்னர்ச் சிறு வியாபாரியாக ஊரூராய்த் திரிந்து, பாதைகளையும் காவல்களையும் பல ஆண்டுகள் பொறுமையோடு மனத்திற் பதித்துக்கொண்டு, 1679-இல் நண்பன் ஒருவனுடன் அனுராதபுரக் காடுகளினூடே மல்வத்து ஓயாவைப் பின்பற்றி நடந்து, அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தான். 1681-இல் இலண்டனில் வெளிவந்த அவனது நூல், கண்டி நாட்டைப் பற்றி ஐரோப்பியருக்குக் கிடைத்த முதல் விரிவான சான்று. காட்டினூடே யானைக்கு அஞ்சி நடந்தவன் எழுதிய நூலாதலின், அதிலே காடு ஓர் அலங்காரமாக அன்றி, ஒவ்வொரு பக்கத்திலும் உயிருள்ள பாத்திரமாக நிற்கின்றது.

கிழக்கு வாயிலால் நண்பராக வந்தோரும் இருந்தனர். 1602-ஆம் ஆண்டில் ஒல்லாந்தக் கடற்படைத் தலைவன் ஜோரிஸ் வான் ஸ்பில்பேர்கன், மட்டக்களப்பிற் கரையிறங்கி, தமிழர் விந்தனை என வழங்கிய மகியங்கனைப் பகுதி வழியாகக் கண்டிக்கு வந்து, முதலாம் விமலதர்மசூரியனைக் கண்டான். செனரத் மன்னன், போர்த்துக்கேயர் கண்டியைத் தாக்கியபோதெல்லாம் ஒதுங்கியதும் மகியங்கனைப் பக்கமே. அம்மன்னனே கரையோரத்தில் துன்புற்ற முஸ்லிம்களை அழைத்துக் கிழக்கு மாகாணப் பகுதியிற் குடியேற்றியவன். தலைநகர் எரிந்தாலும் அரசு அழியவில்லை. காட்டுக்குள் இரண்டு நாள் நடந்தால் மற்றொரு தலைநகர் இருந்தது. 1594-இல் தந்துறையிலும், 1630-இல் ரந்தெனிவெலவிலும், 1638-இல் பேராதனைக்கு அயலிலுள்ள கன்னொறுவையிலும் போர்த்துக்கேயப் படைகள் அழிந்த வரலாற்றைப் படிப்போர், கண்டி வீரரின் வாளோடு காட்டின் பங்கையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும்.

பிரித்தானியரும் அப்பாடத்தை விலை கொடுத்தே கற்றனர். 1803 பெப்ரவரியில் அவர்கள் கண்டிக்குள் நுழைந்தபோது நகரம் வெறுமையாய்க் கிடந்தது. மழை தொடங்கிற்று, காய்ச்சல் படையினரைத் தின்றது. ஜூன் மாதத்தில் மேஜர் டேவி சரணடைந்து திருக்கோணமலை நோக்கிப் புறப்பட்டான். பெருகி ஓடிய மகாவலியை வட்டபுளுவையிலே கடக்க இயலாது நின்றபோது அவன் படையினர் ஏறக்குறைய அனைவரும் கொல்லப்பட்டனர். பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தபின் கண்டி வீழ்ந்தது காட்டை வென்றதனால் அன்று. அரசனுக்கும் அவன் பிரதானிகளுக்கும் இடையே விளைந்த பகையினால். நாயக்கர் மரபின் இறுதி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், தும்பறையின் மெதமகாநுவரைப் பகுதியில் ஒளிந்திருந்தபோது, 1815 பெப்ரவரி 18-ஆம் நாள் பிடிபட்டான். வஸ்கமுவ செல்லும் பெருவழி இன்றும் அவ்வூர் வழியாகவே செல்கின்றது. மதுரை நாயக்கர் வழிவந்து கண்டியில் அரசாண்டவன், வேலூர்க் கோட்டையில் 1832-இல் உயிர்நீத்தான். காட்டுக்குள் இன்னும் ஒரு நாள் கிழக்கே சென்றிருந்தால் அவன் கதை எவ்வாறு முடிந்திருக்கும் என்று அவ்வழியே செல்வோர் எண்ணாதிருத்தல் அரிது.

1817-ஆம் ஆண்டின் கிளர்ச்சியை அடக்குவதிற் பட்ட துன்பத்தின் பின்னர், இந்நாட்டைப் பாதைகளாலேயே ஆளமுடியும் எனப் பிரித்தானியர் தெளிந்தனர். எட்வேட் பார்ன்ஸ் காலத்தில், 1820-இல் தொடங்கிய கொழும்பு–கண்டிப் பெருவழி மலையைத் திறந்துவிட்டது. அவ்வழியே கோப்பி வந்தது.

கோப்பித் தோட்டத்துக்காகக் காட்டை வெட்டிய முறையை அக்காலத்தார் எழுதிவைத்துள்ளனர். மலைச்சரிவின் அடியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு மரத்தையும் பாதியளவு தறித்து நிறுத்துவர். ஈற்றில் உச்சியிலுள்ள பெருமரங்களை முற்றாகத் தறிப்பர். அவை சாய்ந்து கீழுள்ளவற்றின்மேல் விழ, அவை தமக்குக் கீழுள்ளவற்றை வீழ்த்த, ஒரு மலைச்சரிவே ஒரு பேரொலியோடு சரிந்து விழும். பின்னர்த் தீ. 1840-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிறுவப்படாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியனவாக்கிற்று. கிராமத்தவர் சேனை செய்த காணியும் மாடு மேய்த்த காணியும் தோட்டக்காரர் கைக்குச் சென்றன. கண்டிச் சிங்களக் குடியானவன் தன் காட்டை இழந்தான். அத்தோட்டங்களில் உழைக்க வந்த தமிழனோ, மன்னார்க் கரையில் இறங்கி, நீரற்ற காட்டுவழியே மாத்தளைவரை நடந்து, வழியிலே வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் தன் மனைவி மக்களைப் பறிகொடுத்தான். காட்டை அழித்தான் தமிழ்த் தொழிலாளி என்று எளிதாகக் கூறுவோர் உண்டு. கோடரியைப் பிடித்த கையும் கோடரிக்குக் கட்டளையிட்ட வாயும் வேறு வேறு என்பதை அவர் மறந்துவிடுகின்றனர்.

இனி யானையின் கதை. கண்டி அரசில் யானை மன்னனின் உடைமை. கஜநாயக்க நிலமே என்னும் அதிகாரி அதற்கெனவே இருந்தான். அரச ஆணையின்றி யானையைக் கொல்வது பெருங்குற்றம். கரையோரத்தில் ஒல்லாந்தர் யானையைப் பண்டமாகக் கருதினர். வன்னியர்கள் திறையாகக் கொடுத்த யானைகள் யாழ்ப்பாணத்தில் விலைகூறப்பட்டன. அவற்றை வாங்க இந்தியாவிலிருந்து வணிகர் வந்தனர். ஊர்காவற்றுறைக்கு ஐரோப்பியர் வைத்த பெயரே யானை ஏற்றும் துறை என்னும் பொருளுடையது. பண்டமாகக் கருதியவனும் பண்டத்தைக் காக்கவே செய்வான். பிரித்தானியர் காலத்திலோ யானை, பயிரைக் கெடுக்கும் பகையாயிற்று. அதனைக் கொல்வோருக்கு அரசாங்கமே தலைக்கு இத்தனை சில்லிங் எனப் பரிசு வழங்கிற்று. வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 1848-க்கு முற்பட்ட மூன்றாண்டுக்குள் 3,500-க்கு மேற்பட்ட யானைகளும், 1851 முதல் 1856 வரையில் தென் மாகாணத்தில் 2,000 யானைகளும் கொல்லப்பட்டன என எமர்சன் ரெனன்ற் எழுதுகின்றார். பதுளையில் அதிபதியாயிருந்த மேஜர் தோமஸ் றொஜேர்ஸ் தனியொருவனாகவே ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டான். 1845-இல் மின்னல் தாக்கி இறந்தான். அவனது கல்லறையையும் பின்னர் மின்னல் தாக்கிற்று என்று மலைநாட்டார் இன்றும் கதை சொல்வர்.

ஆபிரிக்காவில் யானையைக் கொன்றவன் தந்தத்துக்காகக் கொன்றான். இலங்கை யானைகளிலோ ஆண்யானைகளுள்ளும் மிகச் சிலவற்றுக்கே கொம்பு உண்டு. ஆகவே இங்கு வீழ்ந்த யானைகளில் பெரும்பாலானவற்றின் உடல்கள் அப்படியே காட்டில் அழுகக் கிடந்தன. பொருளாசைக்கு ஓர் எல்லை உண்டு. விளையாட்டுக்கு அவ்வெல்லையும் இல்லாது போயிற்று.

அவ்விளையாட்டிற் பெயர்பெற்ற மற்றொருவர் சாமுவேல் பேக்கர். 1840-களின் இறுதியில் நுவரெலியாவிற் குடியேறி, வேட்டைநாய்களோடு மரைகளைத் துரத்தியும், மின்னேரியாக் குளக்கரையில் யானைகளைச் சுட்டும் வாழ்ந்தவர். இலங்கை வேட்டையைப் பற்றியே இரு நூல்கள் எழுதினார். பின்னர் ஆபிரிக்காவுக்குச் சென்று நைல் நதியின் மூலங்களைத் தேடி, 1864-இல் அல்பேட் ஏரியைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். அவர் பெயரிட்ட மேர்ச்சிசன் நீர்வீழ்ச்சியைச் சூழ்ந்த நிலம், 1952 முதல் உகண்டாவின் தேசியப் பூங்காவாக விளங்குகின்றது. ஆபிரிக்காவின் அப்பெருங்காடுகளைத் திறந்தவர்களுள் ஒருவர் துப்பாக்கிப் பழக்கத்தை இலங்கைக் காடுகளிலே முதிர்வித்தவர் என்பதை, இன்று சபாரிக்கு ஆபிரிக்காவே உரியது என எண்ணுவோர் அறிதல் நன்று.

வேட்டையாடியவர்களே பின்னர்க் காவலும் வேண்டினர். 1894-இல் தோன்றிய வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் பெரும்பாலும் தோட்டத்துரைமாரின் சங்கமே. சுடுவதற்கு விலங்கு எஞ்சாது போகுமென்ற அச்சம் அதன் பிறப்புக்குக் காரணம். காடழிந்தால் மலைநாட்டில் மழையும் மண்ணும் கெடுமென, தாவரவியல் அறிஞர் ஜோசப் ஹூக்கரின் அறிவுரைப்படி, 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை வெட்டுவது 1873-இலேயே தடுக்கப்பட்டிருந்தது. 1937-ஆம் ஆண்டின் 2-ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1938-இல் நடைமுறைக்கு வந்தபோது, யாலவும் வில்பத்துவும் தேசியப் பூங்காக்களாயின. வஸ்கமுவ அவ்வாண்டில் ஒதுக்குக் காடாக அறிவிக்கப்பட்டது. கண்டி நகரின் நடுவிலே, தலதா மாளிகைக்குப் பின்புறம் எழும் உடவத்தகெலேயும் அவ்வாண்டிலேயே சரணாலயமாயிற்று. அரசர் காலத்தில் குடிமக்கள் புகுதற்கில்லாத தடைக்காடு அது. நூறு எக்டயரை ஒட்டிய அச்சிறு காட்டை நாள்தோறும் காணும் கண்டி மக்களிற் பலர், அதன் பேருருவாகிய காட்டரணின் எஞ்சிய பகுதி கிழக்கே இருப்பதை அறியார்.

சட்டத்தினும் வலிய காவலன் ஒன்று அக்காட்டுக்கு இருந்தது. அதுவே நுளம்பு. மலேரியாக் காய்ச்சலுக்கு அஞ்சி உலர்வலயத்தில் நிலைத்து வாழ மக்கள் தயங்கினர். 1934–35-இல் பரவிய கொள்ளை மலேரியா சுமார் 80,000 உயிர்களைக் கொண்டது. 1940-களின் நடுவிலே டி.டி.டி. மருந்து வந்தபின் நிலைமை மாறிற்று. 2016-இல் மலேரியா இல்லாத நாடென இலங்கைக்கு உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. மனிதருக்குக் கிடைத்த இவ்வரம் காட்டின் வேலியைக் கழற்றிற்று. உழவர் பழைய குளங்களை நாடி மீண்டும் வந்தனர். அவர்கள் வந்தது புதுநிலத்துக்கன்று. மூதாதையர் கைவிட்ட நிலத்துக்கே. ஆயினும் இடையில் கழிந்த ஏழு நூற்றாண்டுகளில் அங்கு வேறொரு குடி நிலைபெற்றிருந்தது. அக்குடிக்குக் காணி உறுதி இல்லை.

1976-இல் கண்டிக்கு அருகே பொல்கொல்லையில் மகாவலி மறிக்கப்பட்டு, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே அம்பன் கங்கைப் பக்கம் திருப்பப்பட்டது. அடுத்து விரைவுபடுத்திய மகாவலித் திட்டம் வந்தது. 122 மீற்றர் உயரமுள்ள விக்டோரியா அணை 1985-இல் திறக்கப்பட்டபோது, பழைய தெல்தெனிய நகரும் சுற்றியிருந்த வயல்களும் நீரில் ஆழ்ந்தன. கடுங்கோடையில் நீர் வற்றும்போது அந்நகரின் இடிபாடுகள் இன்றும் தலைகாட்டுவதுண்டு. அப்பள்ளத்தாக்கின் குடும்பங்கள், மலைக்காற்றையும் மூதாதையர் வீட்டையும் விட்டு, சமவெளியின் மகாவலி வலயங்களுக்குப் பெயர்க்கப்பட்டன. அதே திட்டத்தால் சமவெளிக் காடுகள் வெட்டப்பட்டபோது அங்கிருந்த விலங்குகளுக்கும் புகலிடம் வேண்டியிருந்தது. அதற்கென மதுறு ஓயா 1983-இலும், வஸ்கமுவ 1984-இலும், சோமாவதி 1986-இலும் தேசியப் பூங்காக்களாக அறிவிக்கப்பட்டன. ஓர் அணையால் வீடிழந்த கண்டி உழவனும், அத்திட்டத்தால் மேய்ச்சல் இழந்த யானையும், காட்டின் விளிம்பிலே ஒருவரை ஒருவர் எதிர்கொண்டனர்.

மூன்றாமவர் ஒருவரும் உண்டு. மதுறு ஓயா பூங்காவானபோது அங்கு வேட்டையாடியும் தேன் எடுத்தும் வாழ்ந்த வேடர்கள், தம் காட்டிலே தாமே அத்துமீறியவராயினர். பலர் ஹெனானிகலைக்குக் குடிபெயர்ந்தனர். தம்பானையிலிருந்த ஊருவரிகே திசாஹாமி மட்டும் அசையவில்லை. 1998-இல் இறக்கும்வரை அம்முதியவர் காட்டின் ஓரத்திலேயே வாழ்ந்தார்.

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இலங்கையின் காட்டு யானைகள் 5,879. 2023-ஆம் ஆண்டில் மட்டும் 400-க்கு மேற்பட்ட யானைகளும் 150-க்கு மேற்பட்ட மனிதரும் இம்மோதலில் மாண்டனர். வஸ்கமுவ அயற்கிராமங்களில் நெற்கதிர் முற்றும் காலத்தில் உழவன் உறங்குவதில்லை. மரக்கிளையில் கட்டிய பரணில் இரவெல்லாம் விழித்திருந்து, சீனவெடி கொளுத்தி, கூவென்று கத்தி யானையை விரட்டுகின்றான். பூங்காவின் எல்லை வரைபடத்தில் உண்டு. யானையின் நினைவில் இல்லை. அம்பன் கங்கையின்மீது மொறகஹகந்த அணை 2018-இல் எழுந்தபின், மின்னேரியாப் பக்கம் போய்வந்த யானைகளின் பழைய தடங்கள் மேலும் நெருக்குண்டன.

காணச் செல்வோருக்கு இத்துன்பங்கள் எளிதில் தோன்றுவதில்லை. யாலவில் ஒரு சிறுத்தையைச் சூழ்ந்து நாற்பது வாகனங்கள் முட்டிமோதும் நாளில், வஸ்கமுவவில் முழுக் காலையும் மற்றொரு வண்டியைக் காணாது கழிக்கலாம். நவம்பர் முதல் மே வரை யானைக்கூட்டங்கள் திறந்த வெளிகளுக்கு வருகின்றன. நீர் குறைந்த காலத்தில் மகாவலியின் மணற்றிட்டுகளில் முதலைகள் வெயில் காய்கின்றன. கரடியைக் காண்பதோ நல்லூழ். மேற்கே திரும்பினால் தும்பறை மலைகள் நீலநிறமாய்த் தெரியும். 2010 முதல் அவை உலக மரபுரிமையின் பகுதி. அம்மலைகளுக்கு அப்பால் கண்டி.

இலங்கை வனசீவராசிகள் பாதுகாப்புச் சங்கம் என்னும் தனியார் அமைப்பு இக்கிராமங்களில் இரு காரியங்களைச் செய்துள்ளது. யானைகள் தோடை இன மரங்களின் மணத்தை விரும்புவதில்லை என்று கண்டு, வீடுகளைச் சுற்றித் தோடை நடச்செய்தது ஒன்று. யானைக்கு அஞ்சிய உழவனுக்கு இப்போது விற்பதற்குத் தோடம்பழம் கிடைக்கின்றது. மற்றையது ஒரு பஸ் வண்டி. யானைகள் வழக்கமாகக் கடக்கும் பாதையினூடே பிள்ளைகள் நடந்து பள்ளிக்குச் சென்றுவந்த இடத்தில், அவ்வண்டி காலையும் மாலையும் அவர்களை ஏற்றிச் செல்கின்றது. முன்னே யானைக்கூட்டம் நின்றால் சாரதி இயந்திரத்தை நிறுத்துகின்றான். பிள்ளைகள் அமைதியாக அமர்ந்திருக்கின்றனர். கூட்டத்தின் ஈற்றிலே வரும் கன்றும் தெருவைக் கடந்து காட்டுக்குள் மறைந்தபின், வண்டி மீண்டும் புறப்படுகின்றது.